சுவரில் இரண்டு வட்டம்: நச்சரிப்பில்லாமல் வீட்டுக் கணினியை அப்டேட் செய்வது எப்படி?

இரவு படுக்கப் போகுமுன் கணினியை நிறுத்தி, சுவர்ச் சுவிட்சையும் அணைத்து, மாரிகாலம் என்றால் பிளக்கையும் கழற்றி வைப்பது திருகோணமலை வீடுகளில் ஊறிப்போன பழக்கம். இடி மின்னலை நினைத்தால் நல்ல பழக்கம்தான். ஆனால் அப்டேட் தொல்லையில் பாதி இங்கேதான் பிறக்கிறது. இறக்கிவைத்த அப்டேட்டை முடிப்பதற்கு விண்டோஸ் ஆளில்லாத நேரம் பார்க்கும். இரவில் கரண்டே இல்லையென்றால் அதற்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. காலையில் கணினியைப் போட்டதும், நேற்று முடியாத வேலையைக் கையில் வைத்துக்கொண்டு 'ரீஸ்டார்ட்' என்று கேட்கும். 'பிறகு' என்று தள்ளிவிட்டால் அன்றிரவும் பிளக் கழற்றப்படும். இப்படியே ஒரு கிழமை போனால், பிள்ளை சூம் வகுப்பில் இருக்கும் நேரத்திலும் பெட்டி வந்து நிற்கும்.

பொறுமை போய், அப்டேட்டையே அடியோடு நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். 2017 மே 12ஆம் திகதி வன்னாக்ரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிப்போட்டது. அது உள்ளே நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் அதே வருடம் மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்தது. 'பிறகு' என்று தள்ளியவர்களும் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தவர்களும்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: அப்டேட் எப்போது நடக்க வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள், மற்ற நேரங்களில் அதன் வாயை அடையுங்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் மாதத்துக்கு இரண்டு வட்டம் போட்டால் போதும். ஒன்று, இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்த நாள். மற்றது, போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாள்.

மெனுக்கள் இங்குள்ள கணினிகளில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், திரையில் காணும் சொற்களை அப்படியே தருகிறோம். இடங்கள் விண்டோஸ் 11இன்படி சொல்லப்படுகின்றன. விண்டோஸ் 10இல் சற்று மாறியிருக்கும்.

முதல் வட்டம்: இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்த இரவு

மைக்ரோசொஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்டுகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்க மேற்குக் கரை நேரம் காலை 10 மணிக்கு வெளியிடும். இலங்கையில் அது செவ்வாய் இரவு பத்தரை மணி, அங்கே குளிர்கால நேரம் என்றால் பதினொன்றரை. ஆகவே இங்கே புதன்கிழமைதான் அது கணினிக்கு வந்து சேரும். அன்று பின்னேரம் கணினி ஒன்றிரண்டு மணித்தியாலம் இணையத்தோடு இருந்தால் தானாகவே இறக்கிக்கொள்ளும்.

இரவு நிறுத்தப் போகும்போது ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, கீழே உள்ள பவர் அடையாளத்தை உற்றுப் பாருங்கள். அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு செம்மஞ்சள் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி இருந்தால் அப்டேட் தயார் என்று அர்த்தம். அதைக் கிளிக் செய்தால் வழக்கமான 'ஷட் டவுன்' உடன் 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' என்றும் ஒரு வரி இருக்கும். அதை அழுத்துங்கள். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) உள்ள கணினியில் பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் முடியும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அரை மணி, சிலவேளை அதற்கும் மேல். (அப்படிப்பட்ட கணினிக்கு எந்த செட்டிங்கை மாற்றுவதைவிடவும் எஸ்எஸ்டி ஒன்று போடுவதுதான் பெரிய உபகாரம்.)

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். திரை இருண்டதும் சுவர்ச் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். அப்டேட்டின் நடுவில் கணினி தானாக ஒரு தடவை நின்று மீண்டும் எழும்பும். அந்த இடைவெளியில் திரை கறுப்பாகவே இருக்கும். சில கணினிகளில் 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' கொடுத்தாலும் முடிந்தபின் அணையாமல் உள்நுழையும் திரையில் வந்து நின்றுவிடுவதும் உண்டு. எனவே கணினியின் விளக்கு அணைந்து, விசிறிச் சத்தம் நின்று, இரண்டு நிமிடம் ஆன பிறகே சுவிட்சில் கை வையுங்கள்.

அடுத்து, பகலில் தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் தடுக்க வேண்டும். செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்று போனால் 'அக்டிவ் அவர்ஸ்' இருக்கும். அதை 'மெனுவலி' ஆக்கி காலை 6 முதல் நள்ளிரவு 12 வரை என்று வையுங்கள். கூடியது 18 மணித்தியாலம்தான் கொடுக்கலாம், இது சரியாக அந்த அளவு. 'ஓட்டோமெட்டிக்' என்று விட்டால் நீங்கள் பாவிக்கும் நேரத்தைக் கணினி தானே கணிக்கும். விடுமுறைக் காலத்தில் பிள்ளைகள் பாவிக்கும் நேரம் மாறும்போது அந்தக் கணிப்பும் தடம் மாறும்.

அதே பக்கத்தில் 'நோட்டிஃபை மீ வென் எ ரீஸ்டார்ட் இஸ் ரிக்வயர்ட்' என்று தொடங்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வட்டம் போட்ட இரவை நீங்கள் தவறவிடாதவரை அந்த ஞாபகமூட்டல் தேவையில்லை. 'ரிசீவ் அப்டேட்ஸ் ஃபோர் அதர் மைக்ரோசொஃப்ட் ப்ரொடக்ட்ஸ்' என்பதைப் போட்டு வையுங்கள், விண்டோசின் வழியே அப்டேட் ஆகும் மற்ற மைக்ரோசொஃப்ட் புரோகிராம்களும் அதே இரவில் முடிந்துவிடும். விண்டோஸ் அப்டேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் 'கெட் த லேட்டஸ்ட் அப்டேட்ஸ் அஸ் சூன் அஸ் தே ஆர் அவைலபிள்' என்ற சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். அதைப் போட்டால் மாதக் கடைசியில் வரும் முன்னோட்ட அப்டேட்டுகளும் உங்கள் கணினிக்கு வரும். வீட்டுக்கு அவை தேவையில்லை. அவற்றில் உள்ளது அடுத்த மாத அப்டேட்டில் எப்படியும் சேர்ந்துவிடும்.

வீட்டில் சாதாரண தரம், உயர்தரம் எழுதும் பிள்ளை இருந்தால் பரீட்சை நாட்களில் 'போஸ் அப்டேட்ஸ்' பயன்படும். ஒரு கிழமை முதல் ஐந்து கிழமை வரை நிறுத்தி வைக்கலாம். முதலில் இருக்கிற அப்டேட் எல்லாவற்றையும் போட்டு முடித்து, அதன் பிறகு நிறுத்துங்கள். ஐந்து கிழமை முடிந்தால், தேங்கியதை எல்லாம் போட்டால்தான் மறுபடி நிறுத்த விடும்.

டேட்டாவைக் காப்பது

மாத அப்டேட் சில நூறு எம்பியில் இருந்து ஒரு ஜிபிக்கு மேலும் போகலாம். வருடத்துக்கு ஒரு தடவை வரும் பெரிய பதிப்பு பல ஜிபி. மூதூரிலோ தம்பலகாமத்திலோ 4ஜி ரௌட்டரை நம்பி இருக்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம். போனின் ஹொட்ஸ்பொட்டில் லெப்டொப்பை இணைப்பவர்கள் கட்டாயம் ஒன்று செய்ய வேண்டும்: செட்டிங்ஸ், நெட்வேர்க், வைஃபை, அந்த இணைப்பின் ப்ரொப்பட்டீஸ் என்று போய் 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதைப் போட வேண்டும். அதன் பிறகு அந்த இணைப்பில் விண்டோஸ் பெரிய அப்டேட்டுகளைத் தானாக இறக்காது.

ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் இந்த செட்டிங் தனித்தனி. வீட்டு ரௌட்டருக்கும் இதையே போட்டுவிட்டு மறந்தால், கணினி மாதக்கணக்கில் அப்டேட் இல்லாமல், சத்தமும் இல்லாமல் கிடக்கும். அமைதியாக இருப்பதால் எல்லாம் சரியென்று நினைப்பீர்கள். வீட்டு ரௌட்டருக்கும் மீட்டர்ட் போடத்தான் வேண்டும் என்ற நிலைமை என்றால், முதல் வட்ட நாளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து 'டவுன்லோட்' பட்டனை நீங்களே அழுத்துங்கள். இரவு டேட்டா தனியாகத் தரும் பெக்கேஜ் உள்ளவர்கள் மாதத்தில் அந்த ஓரிரவு மட்டும் லெப்டொப்பைச் சார்ஜரில் போட்டு, ஸ்லீப் ஆகாதபடி வைத்துவிட்டுப் படுக்கலாம்.

வீட்டில் இரண்டு கணினி இருந்தால் ஒரே அப்டேட்டுக்கு இரண்டு தடவை டேட்டா செலவழிப்பானேன்? அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸின் கீழ் 'டெலிவரி ஒப்டிமைசேஷன்' போய், மற்றக் கணினிகளில் இருந்து இறக்க அனுமதி கொடுத்து, 'டிவைசஸ் ஒன் மை லோக்கல் நெட்வேர்க்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஒன்று இறக்கியதை மற்றது வீட்டு வைஃபை வழியாகவே எடுத்துக்கொள்ளும். அதற்கு அருகில் இணையத்தில் உள்ள கணினிகளையும் சேர்க்கும் தெரிவு ஒன்று உண்டு. அதைத் தொட வேண்டாம், முகம் தெரியாதவர்களின் கணினிகளுக்கு உங்கள் டேட்டா போகும்.

அப்டேட் அல்லாத "அப்டேட்"கள்

'உங்கள் கணினியில் 5 வைரஸ்', 'பிளேயர் பழையது, உடனே அப்டேட் செய்யவும்' என்று மூலையில் வந்துகொண்டே இருப்பவை பெரும்பாலும் அப்டேட் அறிவிப்பே அல்ல. பெட்டியின் மேல்வரியைப் பாருங்கள். குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், உள்ளே சின்ன எழுத்தில் ஏதோ ஓர் இணையத்தளத்தின் பெயரும் இருக்கும். எப்போதோ ஒரு பாட்டுத் தளத்திலோ கிரிக்கெட் பார்க்கும் தளத்திலோ 'அலவ்' என்று அழுத்தியதன் பலன் அது. ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யச் சொன்னால் நிச்சயம் பொய். அதன் கதை 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிந்துவிட்டது.

குரோமில் செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்கியூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். மேலே, தளங்கள் அறிவிப்பு அனுப்ப முடியாது என்ற தெரிவை வையுங்கள். எட்ஜிலும் இதே போன்ற இடம் உண்டு. பல வீடுகளில் இந்த ஒன்றோடேயே தொல்லையின் பெரும்பகுதி ஓய்ந்துவிடும்.

உண்மையான அறிவிப்புகளில் வேண்டாதவற்றுக்கு செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் போங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் 'அடிஷனல் செட்டிங்ஸ்' என்று ஒன்று மடங்கிக் கிடக்கும். விரித்தால் மூன்று சரியடையாளங்கள்: அப்டேட்டுக்குப் பிறகு வரும் வரவேற்புத் திரை, 'கணினி அமைப்பை முடியுங்கள்' என்ற யோசனை, குறிப்புகள். மூன்றையும் எடுத்துவிடுங்கள். பிரின்டரோடு வந்தது, லெப்டொப் கம்பனி தந்தது என்று வரும் புரோகிராம்களின் அறிவிப்பை அதே பட்டியலில் ஒவ்வொன்றாக அணைக்கலாம். விண்டோஸ் செக்கியூரிட்டியின் அறிவிப்பை மட்டும் விட்டுவையுங்கள், அது பேசினால் காரணம் இருக்கும்.

பிரவுசரைக் காத்திருக்க வைக்காதீர்கள்

குரோம், எட்ஜ், ஃபயர்ஃபொக்ஸ் மூன்றும் பின்னணியில் தாமாகவே அப்டேட் ஆகும். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எல்லாம் பிரவுசர் வழியாகவே போவதால், அதைப் போயாவரை தள்ளி வைக்கக்கூடாது. அதற்கு வேண்டியது ஒன்றுதான்: முழுதாக மூடித் திறப்பது. நாற்பது டாப்பைத் திறந்துவைத்து, லெப்டொப்பை மூடி மூடித் திறப்பவர்களுக்கு அது நடப்பதே இல்லை. குரோமில் 'ஒன் ஸ்டார்ட்டப்' பகுதியில் 'கன்டினியூ வேர் யூ லெஃப்ட் ஒஃப்' என்று வைத்தால் மூடித் திறந்ததும் எல்லா டாப்பும் திரும்ப வரும், பயமில்லை. 'சிஸ்டம்' பகுதியில், குரோம் மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் தெரிவை அணையுங்கள். அப்போதுதான் மூடினால் மூடியதாகும்.

இரண்டாவது வட்டம்: போயா

தாமாக அப்டேட் ஆகாத புரோகிராம்கள் மீதி இருக்கும்: விஎல்சி, லிப்ரே ஒஃபிஸ், 7-ஸிப் போன்றவை. திறக்கும்போதெல்லாம் 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்று கேட்பவையும் இவற்றில் உண்டு. இவற்றை மாதம் ஒரு தடவை மொத்தமாகப் பார்த்தால் போதும். அதற்குப் போயா நல்ல நாள். லீவு, வீட்டில் ஆள் இருக்கும், 29 அல்லது 30 நாளுக்கு ஒரு தடவை தவறாமல் வரும்.

முதலில் களையெடுப்பு. செட்டிங்ஸ், அப்ஸ், இன்ஸ்டோல்ட் அப்ஸ் பட்டியலைப் பார்த்து ஆறு மாதமாகத் திறக்காததை நீக்குங்கள். இல்லாத புரோகிராமுக்கு அப்டேட்டும் இல்லை. பீடிஎஃப் படிக்க மட்டும் என்றால் பிரவுசரே போதும். ஜாவா எதற்கு இருக்கிறதென்று வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால் எடுத்துவிடலாம்.

பிறகு எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் முடிக்கலாம். விண்டோசில் விங்கெட் என்ற கருவி ஏற்கெனவே இருக்கிறது.

1. திறந்திருக்கும் புரோகிராம்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் அப்டேட் பாதியில் தோற்கும்.
2. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து 'டேர்மினல்' திறங்கள்.
3. வின், கெட் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியில்லாமல் சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அப்கிரேட் என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி என்டர் கொடுங்கள். முதல் தடவை நிபந்தனைகளை ஏற்கிறீர்களா என்று கேட்கும், வை எழுத்தைத் தட்டி என்டர் கொடுங்கள். எவற்றுக்குப் புதிய பதிப்பு இருக்கிறது என்ற பட்டியல் வரும், இன்னும் எதுவும் மாறியிருக்காது.
4. பட்டியல் சரியென்றால் அதே கட்டளையை மீண்டும் தட்டி, இன்னோர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளை அடுத்தடுத்துப் போட்டு, அவற்றோடு ஒட்டி ஓல் என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து என்டர் கொடுங்கள்.

நடுவில் திரை மங்கி அனுமதி கேட்கும். நீங்களே தொடங்கிய வேலை என்பதால் 'யெஸ்' கொடுக்கலாம். ஹாஷ் பொருந்தவில்லை என்று ஒரு புரோகிராம் நின்றால், இறக்கிய கோப்பும் பட்டியலில் உள்ள விபரமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். வற்புறுத்தாதீர்கள். சில நாளில் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், அடுத்த போயாவுக்குப் பார்க்கலாம்.

இதைப் பழக்கமாக்கிய பிறகே தனித்தனி அப்டேட்டர்களின் வாயை அடையுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'ஸ்டார்ட்டப் அப்ஸ்' பகுதியில் அப்டேட்டர், அப்டேட் ஷெட்யூலர் என்ற பெயரோடு இருப்பவற்றை 'டிசேபிள்' செய்யலாம், கணினியும் சற்று வேகமாக எழும்பும். வைரஸ் காவல் புரோகிராமில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

வருடத்தின் பெரிய பதிப்பையும் போயாவில் போடுவதே நல்லது. அதற்கு முன் சி டிரைவில் 20 ஜிபியாவது வெறுமையாக வையுங்கள். 80070070 என்று முடியும் பிழை எண் வந்தால் இடம் போதவில்லை என்று அர்த்தம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போய் 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' என்பதை அழித்தால் பல ஜிபி விடுபடலாம். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி உண்டு. அதில் சரியடையாளம் விழுந்திருந்தால் உங்கள் சொந்தக் கோப்புகளும் போய்விடும், கவனம். பாமினியில் தட்டச்சுச் செய்பவர்கள் எழுத்துருவையும் விசைப்பலகைப் புரோகிராமையும் முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்து வைப்பது நல்லது.

அப்டேட்டே வராத கணினிகள்

கடையில் விண்டோஸ் போட்டுக் கொடுக்கும்போது, 'தொல்லை இருக்காது' என்று அப்டேட் சேவையையே நிறுத்திக் கொடுப்பது உண்டு. ஸ்டார்ட்டில் 'சேர்விசஸ்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் அப்டேட்' வரியை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். 'ஸ்டார்ட்டப் டைப்' என்பது 'டிசேபிள்ட்' என்றிருந்தால் 'மெனுவல்' ஆக்கி 'அப்ளை' கொடுங்கள். மறுநாள் அது பழைய நிலைக்கே திரும்பியிருந்தால், கள்ளப் பதிப்பைத் திறக்கப் போட்ட ஏதோ ஒன்று பின்னால் இருந்து அதை அணைக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள். கோப்புகளைப் பிரதி எடுத்து, சுத்தமான விண்டோஸ் போடுவதுதான் வழி. மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸுக்குப் பதிலாக லிப்ரே ஒஃபிஸ் இலவசமாகவே இருக்கிறது.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்க வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை புரொசசராவது வேண்டும். அது இல்லாதவர்கள், 2026 ஒக்டோபர் 13 வரையான நீட்டிப்புக்கு விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல் நவ்' என்ற இணைப்பு வழியாகப் பதியலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கில் செட்டிங்ஸைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. பாடமும் இணையமும் மட்டும்தான் என்றால் விண்டோசுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் இன்னொரு வழி. அதன் அப்டேட் மேனேஜரைத் தானியங்கியாக வைத்துவிட்டால் வாய் திறக்காது.

கரண்ட் போனால்

நவம்பர் முதல் ஜனவரி வரை, வாடைக்காற்றோடு மழை அடிக்கும் நாளில் அப்டேட்டைத் தொடங்காதீர்கள், நாட்காட்டியில் வட்டம் இருந்தாலும் சரி. ஒன்றிரண்டு நாள் தள்ளினால் குடி மூழ்காது. டெஸ்க்டொப்புக்கு யூபிஎஸ் (கரண்ட் போனாலும் சற்று நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி) இருக்க வேண்டும். பற்றரி செத்த லெப்டொப்பும் டெஸ்க்டொப்தான், பிளக் ஆடினாலே நின்றுவிடும். பயோஸ் (விண்டோசுக்கு முன் கணினியை எழுப்பும் அடிப்படைப் புரோகிராம்) அப்டேட் இன்னும் கவனம்: அதன் நடுவில் கரண்ட் போனால் கணினி எழும்பாமலே போகலாம். குறை எதுவும் இல்லையென்றால் அதைத் தேடிப் போய்ப் போட வேண்டியதில்லை.

சாதாரண அப்டேட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டால் பதற வேண்டாம். மறுபடி போட்டதும் மாற்றங்களைத் திரும்ப எடுப்பதாகத் திரையில் எழுதும். ஒரு மணித்தியாலம் எடுத்தாலும் விட்டுவிடுங்கள். விண்டோசுக்குள் போகவே முடியாவிட்டால், விண்டோஸ் அடையாளம் வரும் நேரம் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் ஓட்டோமெட்டிக் ரிப்பேர் திரை வரும். அதில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், 'அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்' என்று போய், கடைசியாகப் போட்ட 'குவாலிட்டி அப்டேட்' என்பதை நீக்குங்கள்.

அந்த நேரம், அல்லது பயோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, சில லெப்டொப்புகள், கோப்புகளைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் என்ற வசதியின் ரிக்கவரி கீ என்று 48 இலக்கம் கேட்கும். அது இல்லாமல் உள்ளே இருக்கும் படங்கள், கோப்புகள் எதுவும் கிடைக்காது. அந்த இலக்கம் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கின் இணையப் பக்கத்தில் 'டிவைசஸ்' பகுதியில் உங்கள் லெப்டொப்பைத் தெரிவு செய்து தேடுங்கள். கணினி நல்லாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே அதைத் தாளில் எழுதி, கணினியின் பெயரையும் பக்கத்தில் குறித்து, காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் வையுங்கள்.